வல்லக்கோட்டைக் கேசட்

1991 ஜூன். போன மாதம் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் வெளியாள் எவரையும் போலீஸ் விசாரிக்காமல் விடவில்லை.

சிவநேசன் கேசட் கடைக்குள் காலை வைத்த பிறகுதான், மூலையில் ஒரு கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். திரும்பிப் போனால் சந்தேகம் வரும். வாயைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, கடைக்காரர் அப்பாவுவிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

‘வல்லக்கோட்டைக் கோயில் நாயனக் கச்சேரி, 1979.’

இதற்காகத்தான் அவர் விமானம் ஏறி வந்திருந்தார்.

“அடேயப்பா! அந்த நாயனக்காரரு பதிவு பண்ண வுட்ட ஒரே கச்சேரியாச்சே. நான்தான் பண்ணேன். ஒரே ஒரு கேசட்டு கீது,” என்றார் அப்பாவு.

“யோவ், உனக்கு எந்த ஊரு?” கான்ஸ்டபிள் எழுந்து வந்தார்.

சிவநேசன் மறுபடியும் வாயைத் தொட்டு, கையை விரித்தார்.

“பாவம், வாய் பேச வராது சார். வுடுங்க,” என்றபடி அப்பாவு கேசட்டைப் போட்டார்.

தோடி கிளம்பியது. பன்னிரண்டு வருஷமாகத் தேடிய நாயனம். சிவநேசன் கண்ணை மூடினார். கடை, கான்ஸ்டபிள், பயம் எல்லாமே மறந்துபோனது.

“ஐயோ, எவ்வளவு வடிவா வாசிக்கிறார்!”

கண்ணைத் திறந்தபோது அப்பாவு வாயைப் பிளந்து நின்றார். கான்ஸ்டபிள் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

“ஊமைக்கு சிலோன் தமிழ் நல்லாவே வருதே!”