வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்

தணிகாசலம் தன் இருபத்திரண்டு வருடக் காரை வெள்ளிக்கிழமைதோறும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவார். அதனால்தான் வண்டி இன்னும் உழைக்கிறது என்று மனைவி விசாலத்துக்குப் பெருமை. பழைய கார்களிலும், வழக்கமாகப் போகும் வழிகளைப் பழகிக்கொண்டு தானே ஓட்டும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் வந்து, இவர் காரிலும் பொருத்திவிட்டார்கள். அன்றிலிருந்து, "வித்துடலாம்" என்று தவித்துக்கொண்டிருந்தார்.

இந்த வெள்ளி, கோயிலுக்குப் போக விசாலமும் ஏறிக்கொண்டாள். கார் கோயிலைத் தாண்டியது. அவர் பொத்தான்களையெல்லாம் மாறி மாறி அழுத்தினார்.

"என்னங்க, எங்க போவுது?"

"கிழட்டு வண்டி, கிறுக்குப் புடிச்சிருச்சு!"

ஒரு பச்சை கேட் முன்னால் நின்று தானே ஹாரன் அடித்தது. தன்னிஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டவள், முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று விசாலத்தை அவர் ஆறு வருடமாகத் தடுத்துவைத்திருந்த மகள் பூங்கோதை ஓடிவந்தாள்.

"அப்பா, தோசை ஆறுது!"

விசாலம் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "இந்த வண்டியையா விக்கணும்னு குதிச்சீங்க?"