வாசல் நூல்

“கண்ணுக்கே தெரியாத தூசின்னா, வெளிய வந்தா எப்படிப்பா தெரியும்?” என்று மூத்த மகள் ஒருநாள் கேட்டாள். “வாசல்ல ஒரு நூல் கட்டியிருக்கோம், அது சொல்லும்” என்றான் தணிகாசலம்.

அணுக்கழிவுப் பீப்பாயைத் திறக்கும் பிளாஸ்டிக் கூடாரத்தின் வாசலில் அந்த நூல் தொங்கும். அது உள்பக்கம் சாய்ந்திருக்கும்வரை காற்று உள்ளேதான் போகும், தூசி வெளியே வராது. இன்று நூல் நேராகத் தொங்கியது. உறிஞ்சும் விசிறி நின்றிருந்தது. உள்ளே பீப்பாய் திறந்தே கிடந்தது.

இன்று அதை மூடும் முறை கூட வேலை செய்யும் எட்வினுடையது. தவக்கால நேர்ச்சைத் தாடியோடு அவன் அடுத்த அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தான். தாடியின் மேல் முகமூடி சரியாக ஒட்டாது, இடுக்கு வழியே தூசி புகுந்துவிடும். போன வருடம் மனைவி மாசமாக இருந்ததால் தணிகாசலமும் சவரம் செய்யாமல் இருந்தான். அப்போது, “பிள்ளைத்தாச்சி புருஷன் ஓரமா நில்லு மச்சான்” என்று சிரித்துவிட்டு, தணிகாசலத்தின் முறைக்கும் எட்வினே உள்ளே போனான்.

தணிகாசலம் மழித்த தாடையில் முகமூடியை இறுக்கினான். முருகனை நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

எட்வின் வந்தபோது பீப்பாய் மூடியிருந்தது. “திறந்து கிடக்கும்னு நினைச்சேனே?”

“முந்தின ஷிப்டுலயே மூடிட்டாங்க போல, மச்சான்.” தாடையில் பதிந்திருந்த முகமூடித் தடத்தை மறைக்கத் தணிகாசலம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். நூல் இன்னும் அசையவில்லை.