கண்ணாடியில் ஒரு தடம்

வாரம் முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்து சவரிமுத்து தன் தொலைநோக்கியில் எடுத்த படம் அது. பக்கத்து விண்மீன்திரள்தான். நமக்கும் அதற்கும் நடுவில் மிதக்கும் தூசி மட்டும் இல்லையென்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பார். தூசியைத் தாண்டி வந்த சொற்ப வெளிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து அதன் சுருள் கைகளைத் திரைக்குக் கொண்டுவந்திருந்தார்.

காலையில் உதவிக்கு வந்த வேலாயுதம் படத்தின் ஓரத்தைக் காட்டினான்.

"இங்க மட்டும் புகை மாதிரி இருக்கே சார். இதுவும் அந்தத் தூசியா?"

"இல்லப்பா. அது கேமராவுக்கு முன்னால மாட்டுற நம்ம ஃபில்டர் கண்ணாடியில இருக்கு."

"அப்ப துடைச்சிரலாமே." அவன் கண்ணாடியையும் பஞ்சையும் எடுத்துவிட்டான்.

சவரிமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் மேசைமேல் இருந்த தேநீர் சிந்தியது.

போன வருஷம் மனைவி செலின் அந்தக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தபோது விரல் பட்டுவிட்டது. "இதுல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தார். அவள் முந்தானையால் துடைத்தாள். கண்ணாடியை அல்ல, தன் விரலை. இந்த வருஷ ஈஸ்டருக்கு முன் அவளை அடக்கம் செய்தார்கள்.

"அது இருக்கட்டும்," என்றார்.

வேலாயுதம் போனதும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, தடத்தின் மேல் படாமல் தன் பெருவிரலை அளவு பிடித்துப் பார்த்தார். இவ்வளவு சின்ன விரலா அவளுக்கு.