முட்டைக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்?

எதிர்க் கடைக்காரர் முட்டை விலையை ஏற்றியதும், பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒரு முட்டையை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு போட ஆரம்பித்தாள்.

“கோழி உங்க கொல்லையிலதானே மேயுது, அண்ணே?” என்று கேட்டும் பார்த்தாள்.

“தீவனம் கப்பல்ல வருதும்மா. டாலர் ஏறிப்போச்சு.”

நேற்று டாலர் இறங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். காலையிலேயே அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நியாயம் கேட்க அவள், வேடிக்கை பார்க்க நான்.

“டாலர்தான் இறங்கிடுச்சே, விலையை இறக்குங்கண்ணே. பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு முட்டையாவது கொடுக்கணும்.”

“எவன் சொன்னான்? என் பொண்டாட்டி மேல சத்தியமா டாலர் ஏறித்தான் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி காபியோடு வெளியே வந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி. அதில் முட்டை அளவுக்கு ஒரு டாலர்.

மனுஷன் பொய்ச் சத்தியம் பண்ணவில்லை.