வெண்ணெய்க்கு ஒரு லேப்டாப்

வெண்ணெய் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தபோது மதியம் மணி ஒன்றரை. கூட்டம் இல்லாத நேரம். அவனுக்குப் பிடித்த நேரம்.

வெண்ணெய் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பிடித்தால் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறானே என்று போலீஸ்காரர்கள் வைத்த பெயர். இருபது வருடத்தில் மூன்றே மூன்று முறைதான் அந்தப் பெயருக்குக் களங்கம் வந்திருக்கிறது.

உள்ளே வந்ததும் கண்கள் தம் வேலையைத் தாமாகவே ஆரம்பித்துவிட்டன. கூரையில் நான்கு கேமரா. பின்பக்கக் கதவில் பூட்டு. வாசலில் ஒரே ஒரு காவலாளி, சின்ன வயசு, ஓட்டக்காரன் கால்கள்.

"வாங்கண்ணா, என்ன பார்க்கறீங்க?" என்று விற்பனைப் பெண் வந்தாள்.

"லேப்டாப்மா. விலை கம்மியா, தினமும் புழங்கற மாதிரி. காலேஜ்ல படிக்கிற மகளுக்கு."

கல்லூரியில் சேர்ந்த அன்றே மகள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். "நீங்க கொண்டு வர்றதா இருந்தா எனக்கு வேண்டாம்பா. நான் இரவல் வாங்கிப் படிச்சுக்கறேன்." மகள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறவனா தகப்பன்?

பளபளவென்று விளக்கு எரிந்த ஒன்றின் பக்கம் அவன் போனான். அவள் தடுத்தாள்.

"அது கேம் விளையாடறவங்களுக்குண்ணா. விலையும் அதிகம், கனமும் அதிகம். அந்தக் கடைசியில இருக்கிறது ரொம்ப மலிவு, ஆனா நாலு ஜிபி ரேம்தான். ஆறு மாசத்துல ஆமை மாதிரி நகரும். படிக்க, எழுத, வீடியோ பார்க்க இது போதும். எட்டு ஜிபி."

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெண்ணெய் அதை உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கினான்.

"ஒண்ணரைக் கிலோவுக்கு முப்பது கிராம் குறைச்சல்."

அவள் அதன் விவர அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கண் விரிந்தது. "ஆயிரத்து நானூத்து எழுபது! எப்படிண்ணா?"

"பழக்கம்தான். பைக்குள்ள வெளிய தெரியாம அடங்குமா?"

"தாராளமா அடங்கும்."

"ஓடும்போது சத்தம் வருமா?"

வாசலில் காவலாளியின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"ஃபேன் சத்தம் லேசா வரும். காதுல விழாது."

"கேமரா எங்க இருக்கு?"

காவலாளி இரண்டடி கிட்டே வந்தான். விற்பனைப் பெண் திரையின் மேல்விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். "இதோ இங்கண்ணா."

"ஓ, அதுவா!" என்றான் வெண்ணெய். மூடியைத் திறந்து மூடினான். கீலை ஆட்டிப் பார்த்தான். "சரிம்மா, இதுதான்."

புதிதாக ஒன்று எடுத்து வர அவள் உள்ளே போனாள்.

கால் மணி நேரம் கழித்து வெண்ணெய் வாசலை நோக்கி நடந்தான். தோளில் பை. பைக்குள் சாம்பல் நிற லேப்டாப். எத்தனையோ கடை ஏறி இறங்கியவன்தான். ஆனால் இப்படி உள்ளங்கை வியர்த்தது ஒரு நாளும் இல்லை. நிதானமாக, நேராக, காவலாளியைப் பார்த்து ஒரு புன்னகையோடு நடந்தான்.

அவன் வாசலைத் தாண்டவும் தலைக்கு மேல் அலாரம் அலறவும் சரியாக இருந்தது.

மறு நொடி அவன் தெருவில் பறந்துகொண்டிருந்தான்.

"திருடன்! பிடிங்க, பிடிங்க!" காவலாளி பின்னாலேயே பாய்ந்தான். மருந்துக்கடை வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு சைக்கிள் சாய்ந்தது.

பொருளைப் போட்டுவிட்டு உயிரைக் கொண்டு ஓடு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். சந்து முனையில் இருந்த சுவர் வெண்ணெய்க்கு ஒரே தாவல்தான். ஆனால் இன்று அவன் பையைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். கை இல்லாமல் சுவர் ஏறுவது எப்படி? சட்டைக் காலர் காவலாளியின் கையில் சிக்கியது.

கூட்டம் கூடிவிட்டது. ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே புகுந்தார். ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம வெண்ணெய்! எட்டு மாசமா ஆளையே காணோமே, திருந்தித் தொலைச்சிட்டியோன்னு நெனச்சேன்."

"சார், நான்..."

"வாயைத் திறக்காதே. பையைத் திற."

திறந்தான். கூட்டம் உச்சுக் கொட்டியது. "பார்த்தா யோக்கியன் மாதிரிதான் இருக்கான்" என்றார் ஒருவர். வெண்ணெய் தலையைக் குனிந்துகொண்டான். இனி அவன் எதைச் சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்?

அப்போது விற்பனைப் பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அவரை விடுங்க சார்! தப்பு என்னோடது. லேப்டாப்ல ஒட்டியிருந்த டேக்கை எடுக்க மறந்துட்டேன், அதான் அலாரம் அடிச்சிடுச்சு. நீங்களும் பில்லை மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களேண்ணா!"

போலீஸ்காரர் அந்தத் தாளை வாங்கினார். ஒரு முறை படித்தார். வெயிலில் பிடித்து இன்னொரு முறை படித்தார். முழுத் தொகையும் ரொக்கமாகக் கட்டியாகிவிட்டது.

"ஏதுடா உனக்கு இவ்வளவு பணம்?"

"கோடவுன்ல மூட்டை தூக்கறேன் சார், எட்டு மாசமா. நம்பலைன்னா மேஸ்திரியைக் கேளுங்க. அந்த பில்லை மட்டும் கசக்காமக் குடுத்துடுங்க சார், மக கேப்பா."

காவலாளி காலரை விட்டான். கசங்கிய இடத்தை நீவிக்கூட விட்டான்.

"முட்டாள், முட்டாள்! காசு குடுத்துத்தானே வாங்கியிருக்கே? அப்புறம் எதுக்குடா இந்த ஓட்டம் ஓடினே?" என்றார் போலீஸ்காரர்.

வெண்ணெய் பையை மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னான்:

"காசு குடுத்தது எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியாதே!"