கடைசிக் கவுண்டர்

"இந்தப் பட்டனை அமுக்கினா பணம் போயிடும். சரி. கை தவறி அமுக்கினாலும் போயிடுமில்ல?" என்று கேட்டார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கொட்டாவியை விழுங்கினார். இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது. "போகாது சார். ரகசிய எண் கேட்கும். அதைப் போட்டாத்தான் போகும்."

"அப்படியா? என்னோட ரகசிய எண் வந்து..." என்று சட்டைக்காரர் வங்கி முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஐயோ, வெளியில சொல்லாதீங்க!" என்று கவுண்டருக்குள் இருந்து பதறினாள் காசாளர்.

செல்போனிலேயே பணம் அனுப்பும் புதிய முறை வந்த பிறகு, அந்தக் கிளையின் நான்கு கவுண்டர்களில் மூன்றை மூடிவிட்டார்கள். அவற்றின் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது தண்ணீர் கேன்களும் கால் உடைந்த நாற்காலிகளும் குடியிருந்தன. மிச்சமிருந்த ஒன்றையும் மூடலாமா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்து எழுதித்தரத்தான் அதிகாரி வந்திருந்தார். மூடினால் காசாளருக்கு வெளியூர் மாற்றல்.

கிளை கிளையாகப் போய் இதையே செய்து அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. போகிற இடமெல்லாம் டீ வாங்கித் தருவார்கள்; முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இங்கேயும் காலையில் வந்த டீ மேசையிலேயே ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

காலையில் வந்த பேக்கரிக்காரர் புதிய முறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "சில்லறைச் சண்டை ஒழிஞ்சுது சார்! பணம் வந்தா டப்பாவே கத்திச் சொல்லிடுது. நான் பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துட்டு இருக்கேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற சலவைக்கடை அம்மாவுக்கு அது கைகொடுக்கவில்லை. வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீரில் ஊறி, விரலில் ரேகையே இல்லை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் 'பொருந்தவில்லை' என்றது, புதிய முறையில் சேர்க்க வைத்திருந்த கைரேகை எந்திரம்.

"நான் நான்தான்னு இதுக்கு யாரும்மா எடுத்துச் சொல்றது?" என்று அவள் சிரித்தாள். காசாளர் பழைய மாதிரிப் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

மதியத்துக்கு மேல் வந்தவர்தான் இந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் ஆசாமி கல்லைப்போல் நின்றார். காசாளர் கணக்கு எண்கூடக் கேட்காமல் அவருடைய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" பாடத்தைக் கைவிட்டு அதிகாரி கேட்டார்.

"செக் புத்தகம் அச்சடிக்கிற பிரஸ்ல சார். உங்க பேங்க் செக்கெல்லாம் நாங்க போட்டதுதான். அப்புறம் செக்கே யாருக்கும் வேணாம்னு ஆயிடுச்சு, மூடிட்டாங்க." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏற வேண்டிய பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அதிகாரி "இப்ப என்ன பண்றீங்க?" என்றார்.

"வீட்டுல சமையல் என்னுது, சம்பாத்தியம் வீட்டுக்காரியுது."

"அவங்களையே இதைச் சொல்லித் தரச் சொல்லலாமே?"

"அட நீங்க வேற! உங்களுக்கு இருக்கிற பொறுமை அவளுக்கு ஏது சார்?"

"அடுத்தவங்க வாங்க!" என்று காசாளர் குரல் கொடுத்தாள். சட்டைக்காரருக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை.

சட்டைக்காரர் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அதிகாரிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு கவுண்டருக்கு அதிகம் பேர் வரவில்லை. அதிகாரி சுவரோடு தலையைச் சாய்த்துக்கொண்டு மடிக்கணினியில் ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். காசாளர் மேசையைப் பூட்டிக்கொண்டே கேட்டாள். "சார்... என்ன எழுதினீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"கவுண்டர் இருக்கட்டும்னுதான் எழுதியிருக்கேன் மேடம். அந்தச் சலவைக்கடை அம்மா மாதிரி இருக்கறவங்க எங்க போவாங்க? இந்த வருஷம் யாரும் இதுல கை வைக்க மாட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்ல."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்திருந்த மனிதரை இப்படியே அனுப்பிவைக்க மனசு ஒப்பவில்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். மதியம் வந்தாரே, கட்டம் போட்ட சட்டை... அவர் வந்து..."

அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அன்று முதல்தடவையாகச் சிரித்தார்.

"பேசிட்டே நிக்காதீங்க மேடம், உங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரமா மழையில நனையறார்."