ஒத்துப் பார்த்த ரத்தம்

மாமியார் கைநடுக்க நோயில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, "உங்க வம்சமே ஓட்டை வம்சம்" என்று மனைவியைச் சீண்டுவதுதான் லேப்காரருக்குப் பொழுதுபோக்கு. அவள் ரத்தத்தில் மரபணுச் சோதனையையும் மேதாவி தானே செய்தார். முடிவு வந்த அன்று வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, எனக்கும் இருக்கா?"

"மரபணுவுல நோய் வர்ற அந்த இடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கு."

"ஐயோ! பிள்ளைங்களுக்கும் வருமா?"

"வரலாம்."

"பாவி நான்! என்னாலதானே?"

"உன்னோடது நோயில்லாதவங்களோட பொது மாதிரியோட அச்சு அசலா ஒத்துப்போகுதுடி. ஒத்துப் பார்க்க, நோயில்லாத ரத்தம்னு பக்கத்துல இன்னொண்ணு வெச்சேன். மாறியிருக்கிறது அதுல."

"அது யாரோடது?"

"என்னோடது."

அவள் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் அவர் கையில் தடதடத்தது. பயத்தில்தானா என்று அவருக்கே தெரியவில்லை.